ஒரு குதிரைப்படை வீரரின் பெட்டி: அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் பொருள்களும் ஒன்றுகூடல் நினைவுப் பொருள்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவில் ஒரு சிறிய உள்ளூர் அருங்காட்சியகத்தில் சனிக்கிழமைகளில் பொருள்களைப் பட்டியலிடும் வேலைக்கு உதவி வருகிறேன். இங்கே பழைய வீடு வாங்கும் நம் நண்பர்கள் பரணில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள். கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்குப் போய் வந்தவர்களும், பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்காகத் தேடுபவர்களும் கேட்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், 1861 முதல் 1865 வரை வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரில் குதிரைப்படையில் இருந்த ஒருவரின் பொருள்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்படி ஒரு பெட்டியில் வழக்கமாக என்னென்ன இருக்கும்?

இரண்டு காலத்துப் பொருள்கள் கலந்திருக்கும். முதலில் போர்க்காலம்: வாள், அதன் இரும்பு உறை, இடைவார், ஒரு ஜோடி பித்தளைக் குதிமுள் (குதிரையை விரட்டக் குதிகாலில் மாட்டுவது), துணி போர்த்திய தகரத் தண்ணீர்க் குடுவை, ஊசி நூல் வைக்கும் சின்னத் துணிச் சுருள், ஒரு புகைப்படம், படையிலிருந்து விடுவித்த சான்றிதழ். அதிர்ஷ்டம் இருந்தால் கடிதங்கள்.

அப்புறம் முதுமைக் காலம்: பட்டு ரிப்பன்கள், வெண்கல நட்சத்திரம், ஊர் பெயரும் ஆண்டும் போட்ட பேட்ஜ்கள், கண்ணாடிக் கோப்பை, கைத்தடி, குழுவாக எடுத்த படம். போர் முடிந்து இருபது, முப்பது, ஐம்பது வருடம் கழித்துப் பழைய தோழர்கள் கூடியபோது கிடைத்தவை இவை.

பெட்டியைத் திறந்ததும் எல்லாருடைய கையும் வாளுக்குத்தான் போகும். நான் முதலில் ரிப்பனைத்தான் எடுப்பேன். ஏன் என்பது கீழே வரும்.

குதிரைப்படைக்காரருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வடக்குப் படையில் குதிரைப்படையின் நிறம் மஞ்சள். இடுப்பளவுக் குட்டைச் சட்டையில் கழுத்துப்பட்டியிலும் கைகளிலும் மஞ்சள் நாடா ஓடும். காலாட்படைக்கு வெளிர் நீலம், பீரங்கிப் படைக்குச் சிவப்பு. தொப்பியில் குத்தும் பித்தளைச் சின்னத்தில் இரண்டு வாள்கள் குறுக்காகக் கிடக்கும்.

இன்னொரு அடையாளம், தோளில் குறுக்காகப் போடும் அகலமான தோல்வார். அதன் கீழே ஒரு இரும்புக் கொக்கி தொங்கும். குதிரை ஓடும்போது கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கி கையை விட்டு நழுவினாலும் கீழே விழாமல் இருக்க அந்தக் கொக்கியில் மாட்டிக்கொள்வார்கள். காலாட்படைக்காரருக்கு அது தேவைப்படவில்லை. மிச்சிகன் படைப்பிரிவைச் சேர்ந்தவர் என்றால் ஒரு சிவப்புக் கழுத்துத் துணியும் கிடைக்கலாம். தளபதி கஸ்டர் கட்டியதைப் பார்த்து அவருடைய ஆட்களும் கட்டிக்கொண்டார்கள்.

அரசாங்கம் கொடுத்த ஆயுதம் எப்படி வீட்டுக்கு வந்தது? திருடி வந்ததா?

பெரும்பாலும் இல்லை. காசு கொடுத்து வாங்கி வந்தார்கள். போர் முடிந்ததும் 1865 மே 30 அன்று போர்த்துறை 101ஆம் எண் பொது ஆணையை வெளியிட்டது. விடைபெறும் வீரர்கள் விரும்பினால் தங்கள் ஆயுதத்தை விலைக்கு எடுத்துக்கொள்ளலாம், அந்தத் தொகை கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்படும் என்றது அந்த ஆணை. வாளுக்கு 3 டாலர். ஸ்பென்சர் கார்பைனுக்கு 10 டாலர். மற்ற கார்பைன்களுக்கும் ரிவால்வர்களுக்கும் 8 டாலர்.

இந்தக் கணக்கைச் சும்மா கடந்து போகாதீர்கள். சாதாரண வீரரின் மாதச் சம்பளம் போரின் பெரும்பகுதியில் 13 டாலர், 1864இல்தான் 16 ஆனது. ஆக ஒரு ஸ்பென்சர் என்பது அரை மாதச் சம்பளத்துக்கும் மேலே. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் காத்திருக்க, நிலத்தில் விதைப்பும் தவறிப் போயிருக்க, அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்து ஒரு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனவரை நினைத்துப் பாருங்கள். நிறையப் பேர் வாளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், 3 டாலர் கட்டுப்படியானது என்பதால். அதனால்தான் இன்றும் பரண்களில் வாள் அதிகமாகக் கிடைக்கிறது என்பது என் கணிப்பு.

ஸ்பென்சருக்கு மட்டும் ஏன் அதிக விலை?

ஏழு தோட்டாக்களை ஒரு குழாயில் அடுக்கி, அந்தக் குழாயைத் துப்பாக்கியின் பின்கட்டைக்குள் செருகிவிட்டால் ஏழு தடவை தொடர்ந்து சுடலாம். ஒவ்வொரு முறையும் கீழே உள்ள நெம்புகோலை இழுத்து, மேலே சுத்தியலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். காலாட்படையில் பெரும்பாலோர் ஒவ்வொரு குண்டையும் குழலின் வாய் வழியாக இடித்து இறக்கிக்கொண்டிருந்த காலம் அது.

தெற்குப் படைவீரர்களின் பெட்டி வேறு மாதிரி இருக்குமா?

இருக்கும். தெற்கின் குதிரைப்படைக்காரர் குதிரையைத் தன் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். அதற்காக அரசு நாள் ஒன்றுக்கு 40 சென்ட் கொடுத்தது. சண்டையில் குதிரை கொல்லப்பட்டால் ஈடு கிடைக்கும். நோயிலோ களைப்பிலோ செத்தால் கிடைக்காது. வேறு குதிரை தேடிக்கொள்ள முடியாதவர் காலாட்படைக்குப் போக வேண்டியதுதான். 1865 ஏப்ரல் 9 அன்று வர்ஜீனியாவின் அப்போமாட்டக்ஸில் தெற்கின் முக்கியப் படை சரணடைந்தபோது, சொந்தக் குதிரை வைத்திருந்தவர்கள் அதை உழவுக்கு வீட்டுக்குக் கொண்டுபோகட்டும் என்று வடக்குத் தளபதி கிராண்ட் அனுமதித்தார். துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும், குதிரை உன்னுடையது. ஆகவே தெற்கத்திப் பெட்டிகளில் அரசு முத்திரை போட்ட ஆயுதம் குறைவு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அந்தத் தரப்பு அடிமைமுறையைக் காப்பாற்றப் போரிட்டது. பொருளை அக்கறையோடு வைத்திருக்கலாம், ஆனால் பக்கத்தில் எழுதி வைக்கும் குறிப்பில் அந்த உண்மையை மறைக்கக் கூடாது. கருப்பின வீரர்களைக் கொண்ட மாசசூசெட்ஸ் 5ஆம் குதிரைப்படை, தெற்கின் தலைநகரான ரிச்மண்ட் விழுந்த 1865 ஏப்ரல் 3 அன்று அந்த நகருக்குள் நுழைந்தது. அந்த வீரர்களின் பெட்டிகள் மிகக் குறைவாகவே நம் கைக்கு வருகின்றன. வந்தால் பொக்கிஷம் போலப் பாருங்கள்.

வாளை வைத்தே அது யாருடையது என்று சொல்ல முடியுமா?

முடியாது. கைப்பிடிக்கு மேலே, அலகு தொடங்கும் இடத்தில் ஒரு பக்கம் செய்தவர் பெயரும், மறுபக்கம் ‘யு.எஸ்.’ என்ற எழுத்தும் ஆண்டும் சோதனையாளரின் முதலெழுத்துகளும் இருக்கும். மாசசூசெட்ஸ் மாநிலம் சிக்கப்பியில் இருந்த ஏம்ஸ் நிறுவனத்தின் பெயரை அடிக்கடி பார்க்கலாம். 1840 மாதிரி வாள் கனமானது, மணிக்கட்டை ஒடிப்பது என்றே வீரர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1860 மாதிரி இலேசானது. இவ்வளவுதான் வாள் சொல்லும். வரிசை எண் கிடையாது. ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் செய்து கொடுத்த பொருள். சிலர் கைக்காப்பில் ஆணியால் பெயரின் முதலெழுத்தைக் கீறியிருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் அது பெயரில்லாத வாள்.

பெயரைக் கொடுப்பது பெட்டியில் இருக்கும் மற்ற பொருள்கள், குறிப்பாக அந்த ரிப்பன்கள்.

ரிப்பனும் பேட்ஜும் எங்கிருந்து வந்தன?

வடக்குப் படையின் முன்னாள் வீரர்கள் 1866 ஏப்ரல் 6 அன்று இல்லினாய் மாநிலம் டிகேட்டரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெஞ்சமின் ஸ்டீவன்சன் என்ற படை மருத்துவர் முன்னின்று தொடங்கியது. பெயர் கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக். ஊருக்கு ஊர் எண் போட்ட கிளைகள், மாநில அளவில் ஒரு அமைப்பு, வருடத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு பெரிய நகரத்தில் தேசியக் கூடுகை. 1890 வாக்கில் உறுப்பினர்கள் 4 லட்சத்தைத் தாண்டினார்கள். கடைசிக் கூடுகை 1949இல் இண்டியானாபொலிஸில் நடந்தது. 1956இல் கடைசி உறுப்பினர் ஆல்பர்ட் உல்சன் இறந்தபோது சங்கமும் முடிந்தது.

உறுப்பினர் பேட்ஜைக் கையில் வைத்துப் பாருங்கள். மேலே சிறகு விரித்த கழுகு, குறுக்கே பீரங்கிகள். நடுவில் கொடி நிறத்தில் ரிப்பன். கீழே ஐந்து முனை நட்சத்திரம். நட்சத்திரத்தின் நடுவில் ஒரு படைவீரனும் கடற்படை மாலுமியும் கை குலுக்க, முன்னால் இரண்டு சிறு பிள்ளைகள் மண்டியிட்டிருப்பார்கள். போரில் தகப்பனை இழந்த பிள்ளைகளைச் சங்கம் கைவிடாது என்பது அதன் பொருள். ஐந்து முனைகளிலும் ஐந்து படைகளின் சின்னம்: காலாட்படைக்கு ஊதுகொம்பு, பீரங்கிப் படைக்குப் பீரங்கி, கடற்படைக்கு நங்கூரம், கடற்படைக் காலாட்களுக்குத் துப்பாக்கி, குதிரைப்படைக்குக் குறுக்கு வாள். தேய்ந்து போன பேட்ஜில் விரலால் தடவினாலே அந்தக் குட்டி வாள்கள் தட்டுப்படும். கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலத்தை உருக்கி இந்தப் பேட்ஜ்களை வார்த்தார்கள்.

இனி ரிப்பன். கிளைகள் தங்கள் உறுப்பினர்களுக்குக் கொடுத்த ரிப்பன்களில் பெரும்பாலானவை இருபக்கமும் அச்சடித்தவை. ஒரு பக்கம் நீலமோ சிவப்போ, கிளையின் பெயரும் எண்ணும் ஊரும். திருப்பினால் முழுக் கறுப்பு, வெள்ளி எழுத்தில் நினைவஞ்சலி. விழாவுக்கு வண்ணப் பக்கம், தோழரின் இறுதி ஊர்வலத்துக்குக் கறுப்புப் பக்கம். நான் பட்டியலிட்ட ஒரு ரிப்பனில் வண்ணப் பக்கம் புதிதுபோல இருந்தது. கறுப்புப் பக்கம் வெயில் பட்டுப் பழுப்பேறிக் கிடந்தது. அந்த மனிதர் கடைசி வருடங்களில் எதற்கு அதிகமாகப் போய் வந்தார் என்பதை அதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படைப்பிரிவுகளும் தனியாகச் சங்கம் வைத்திருந்தன. ‘இன்ன மாநிலம், இத்தனையாம் குதிரைப்படை, இத்தனையாம் வருட ஒன்றுகூடல், இன்ன ஊர்’ என்று அந்த ரிப்பனில் இருக்கும். சிலர் ஏணி மாதிரி அடுக்கடுக்காகப் பட்டைகள் தொங்கும் பேட்ஜ் போட்டிருப்பார்கள், ஒவ்வொரு பட்டையிலும் பெயர், ரெஜிமெண்ட் என்ற படைப்பிரிவு, அதற்குள் கம்பெனி என்ற சிறு பிரிவு என்று பொறித்து. வாள் சொல்லாததையெல்லாம் சொல்வது இவைதான்.

அந்த நட்சத்திரம் மெடல் ஆஃப் ஆனர்தானே?

இல்லை. மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனரும் அப்போது ரிப்பனில் தொங்கும் ஐந்து முனை நட்சத்திரம்தான், அதனால் இந்தக் குழப்பம் அன்றைக்கே இருந்தது. ராணுவம் 1904இல் தன் பதக்கத்தின் வடிவத்தை மாற்றியதற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணம். உங்கள் பெட்டியில் இருப்பது சங்க பேட்ஜாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏமாற்றம் வேண்டாம்.

கெட்டிஸ்பர்க் 1913 என்று போட்ட பேட்ஜ் இருக்கிறது. அது என்ன?

கெட்டிஸ்பர்க் போரின் ஐம்பதாம் ஆண்டு. இரு தரப்பிலும் சேர்த்து 53,000க்கும் மேற்பட்ட முதியவர்கள் அந்த ஊருக்கு வந்து கூடாரங்களில் தங்கினார்கள். நல்ல வெயில் காலம். ஒரு கல் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று, ஒரு காலத்தில் சுட்டுக்கொண்டவர்கள் கை குலுக்கிக்கொண்ட படங்கள் அப்போது எடுத்தவை. 1938இல் எழுபத்தைந்தாம் ஆண்டுக்கு வந்தவர்கள் 2,000க்கும் குறைவு, பெரும்பாலோர் 90 வயதைத் தாண்டியவர்கள். அந்த ஜூலை 3 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அங்கே அணையா விளக்கு நினைவுச் சின்னத்தைத் திறந்து வைத்தார்.

குதிரைப்படைக்காரருக்கு அந்த ஊர் தனி. 1863 ஜூலை 1 காலையில் காலாட்படை வந்து சேரும்வரை ஊருக்கு மேற்கே மேட்டில் குதிரையை விட்டு இறங்கி நின்று தெற்குப் படையைத் தாமதப்படுத்தியது வடக்குத் தளபதி ஜான் புஃபோர்டின் குதிரைப்படை. அதற்கு மூன்று வாரம் முன்பு, ஜூன் 9 அன்று வர்ஜீனியாவின் பிராண்டி ஸ்டேஷனில் ஏறக்குறைய 20,000 பேர் மோதியது அந்தக் கண்டத்தின் மிகப் பெரிய குதிரைப்படைச் சண்டை. இந்த இரண்டு பெயரில் ஏதாவது ஒன்று ரிப்பனில் தெரிந்தால் பத்திரம்.

கோப்பை, கைத்தடி, குட்டிக் குடுவை இவையெல்லாம்?

கூடுகை நடந்த நகரங்களில் விற்றவை அல்லது விருந்தில் கொடுத்தவை. தண்ணீர்க் குடுவை வடிவம் ஏன் இத்தனை தடவை வருகிறது என்று கேட்பார்கள். ‘ஒரே குடுவையில் தண்ணீர் குடித்தவர்கள்’ என்பது அவர்கள் தோழமையைச் சொல்லும் பேச்சு. சங்கிலிப் பொத்தான் அளவுக்குச் சின்னக் குடுவைகளைக்கூடச் சட்டையில் குத்தியிருப்பார்கள்.

பெயர் கிடைத்துவிட்டது. அடுத்து எங்கே தேடுவது?

வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். பணிப்பதிவு ஒன்று, ஓய்வூதியக் கோப்பு ஒன்று, இரண்டையும் கேட்டு வாங்கலாம். பணிப்பதிவில் எப்போது சேர்ந்தார், எந்த மாதம் மருத்துவமனையில் இருந்தார், விடைபெறும்போது எந்த ஆயுதத்துக்குப் பணம் பிடித்தார்கள் என்றுகூடக் கிடைக்கும். அது உங்கள் கையில் இருக்கும் வாளோடு பொருந்தினால் எவ்வளவு சந்தோஷம் என்று பட்டால்தான் தெரியும்.

ஓய்வூதியக் கோப்புதான் நிஜமான சுரங்கம். 1890ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, போரில் பட்ட காயம் இல்லாவிட்டாலும் உழைக்க முடியாமல் போன முன்னாள் வீரர்கள் விண்ணப்பிக்கலாம் என்றானது. கூட இருந்த தோழர்கள் சாட்சி எழுதிக் கொடுப்பார்கள்: ‘குதிரை இவர் மேல் விழுந்ததை நான் பார்த்தேன்’ என்கிற மாதிரி. விதவைகள் கல்யாணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளின் பக்கத்தைக் கிழித்து அனுப்பியிருக்கிறார்கள், அந்தப் பக்கம் இன்றும் கோப்பில் இருக்கும். தெற்குப் படையினருக்கு ஓய்வூதியம் கொடுத்தவை அந்தந்த மாநிலங்கள், ஆகவே மாநிலக் காப்பகங்களில் கேளுங்கள்.

எப்படிப் பாதுகாப்பது?

நல்லது செய்கிறேன் என்று கெடுத்துவிடுவதுதான் அதிகம். பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பது, பாலிஷ் போடுவது, இரண்டும் வேண்டாம். வாளை வெறும் கையால் தொட்டால் வியர்வையின் உப்பு துருவாகும், கையுறை போடுங்கள். தோலுக்கு எண்ணெய் தடவாதீர்கள். செம்பொடியாக உதிரும் தோலுக்கு எண்ணெய் மருந்தாகாது, பிசுபிசுப்பும் கறையும்தான் மிஞ்சும். கம்பளிச் சட்டைக்கு அந்துப்பூச்சிதான் எதிரி.

பட்டு ரிப்பன் இருப்பதிலேயே நொய்ந்தது. அந்தக் காலத்தில் பட்டுக்குக் கனம் ஏற்ற உலோக உப்புகளில் தோய்ப்பார்கள், அதுவே இப்போது நூலைத் தின்கிறது. மடிப்பில் கண்ணாடி போல விரிசல் விடும். மடிக்காமல், தொங்கவிடாமல், அமிலம் இல்லாத தாளின் மேல் தட்டையாகப் படுக்க வைத்து, வெளிச்சம் படாமல் மூடிவிடுங்கள். சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் சில வருடங்களில் எழுத்தே போய்விடும்.

டின்டைப் என்ற புகைப்படம் பெயருக்குத்தான் தகரம், உண்மையில் மெல்லிய இரும்புத் தகடு. ஈரத்துணி ஆகாது. காகிதங்களுக்கு செல்லோடேப்பும் லேமினேஷனும் கூடவே கூடாது.

துப்பாக்கியோ தோட்டாவோ இருந்தால்?

தொடுவதற்கு முன் இதைப் படியுங்கள். கருமருந்து நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். குண்டு போட்டபடியே பெட்டியில் வைத்த ரிவால்வர்கள் உண்டு. குழலை உங்கள் பக்கமோ யார் பக்கமோ திருப்பாமல் வைத்துவிட்டு, பழைய ஆயுதம் தெரிந்த ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டாவைப் பிரிக்கவோ தட்டவோ வேண்டாம். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

போலி என்று எப்படிச் சந்தேகிப்பது?

போரின் நூற்றாண்டு 1961 முதல் 1965 வரை கொண்டாடப்பட்டபோதும் அதன் பின்னும், போரை நடித்துக் காட்டுபவர்களுக்காக ஏராளமான நகல்கள் செய்தார்கள். நகல் வாள்களில் கணிசமானவை நம் இந்தியாவிலிருந்து வந்தவை. நேர்மையாக விற்றால் அதில் குற்றமே இல்லை. ‘இந்தியா’ என்ற முத்திரையை யாரோ அரம் போட்டுத் தேய்த்துவிட்டு அசல் என்று விற்கும்போதுதான் வினை. முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் உலோகம் பள்ளமாகவோ வேறு பளபளப்பாகவோ இருந்தால் நிதானியுங்கள். அசல் வாளின் கைப்பிடியில் தோலைச் சுற்றி முறுக்கிய பித்தளைக் கம்பி ஓடும், கை பட்டுப் பட்டுத் தோல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். சீராகத் தேய்ந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

கல்லறையில் வைக்கும் வெண்கல நட்சத்திரம் விற்பனைக்கு வந்தது. வாங்கலாமா?

வேண்டாம். கொடி செருகும் துளையோடு இருக்கும் அந்த நட்சத்திரம் ஒரு மனிதரின் தலைமாட்டில் ஊன்றியது. பல சமயம் திருட்டுச் சரக்கு. 1868இல் கிராண்ட் ஆர்மி சங்கத்தின் தலைவர் ஜான் லோகன் ஆணையிட்டு மே 30 அன்று தொடங்கிய கல்லறை அலங்கார நாள்தான் இன்றைய மெமோரியல் டே. அந்த நாளில் கொடி வைக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கும்.

பங்கு பிரிக்கும்போது ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாமா?

கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள். ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் என் கண் முன்னால் நடந்தது. வாளை ஒரு வியாபாரி வாங்கினார். குதிமுள் இன்னொருவருக்குப் போனது. ரிப்பன்களைப் பொத்தான்களோடு ஒரு அட்டைப்பெட்டியில் போட்டிருந்தார்கள், நான் 5 டாலருக்கு எடுத்தேன். அவற்றில் பெயரும் ரெஜிமெண்டும் தெளிவாக இருந்தன. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தபோது வாள் வாங்கியவரின் வண்டி போய்விட்டது. இப்போது எங்கோ ஒரு சுவரில் பெயரில்லாத வாள் ஒன்று தொங்குகிறது. என்னிடம் வாளில்லாத பெயர் ஒன்று இருக்கிறது.

பிரித்தே ஆக வேண்டுமென்றால், எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் படம் எடுங்கள். யாரிடம் எது போனது என்று பென்சிலால் எழுதி ஒவ்வொன்றோடும் ஒரு நகல் வையுங்கள். அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதானால் அந்த வீரரின் சொந்த மாவட்டத்தில் உள்ள வரலாற்றுச் சங்கத்தை முதலில் கேளுங்கள். பெரிய அருங்காட்சியகங்களிடம் வாள் நிறைய இருக்கிறது. சொந்த ஊரில்தான் அந்தப் பெயர் யாருக்காவது தெரியும்.

குதிரையின் பொருள் ஏதாவது மிஞ்சுமா?

வடக்குத் தளபதி ஷெரிடனின் குதிரை ரியன்சியைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1864 அக்டோபர் 19 அன்று வின்செஸ்டரிலிருந்து சீடர் கிரீக் களத்துக்கு அவரைச் சுமந்து ஓடியது அது. சாதாரண வீரரின் குதிரைக்கு அப்படி எதுவும் இல்லை. சேணம்கூட மிஞ்சுவது அபூர்வம், வீட்டுக்கு வந்ததும் அதைப் போட்டுத்தான் சந்தைக்குப் போனார்கள், தேயும்வரை.

ஆனால் பெட்டியின் அடியில் ஒரு முழம் நீளத்துக்குக் கூரான இரும்பு முளை ஒன்று கிடந்தால், தலையில் வளையம் இருந்தால், பழைய இரும்பு என்று வீசிவிடாதீர்கள். இரவில் அதைத் தரையில் அடித்து, வளையத்தில் கயிற்றைக் கட்டி, குதிரையை மேய விடுவார்கள். தலைப் பக்கம் அடிபட்டு அடிபட்டுப் பூப்போல விரிந்திருக்கும்.